தொந்தரவு ஒண்ணும் இல்லையே, அப்புறம் எதுக்கு டாக்டர் மாத்திரை?

வணக்கம் சார். உங்க லெட்டர ரெண்டு மூணு தடவ படிச்சேன். படிக்கற மத்தவங்களுக்கும் புரியணும்ங்கறதால சுருக்கமா சொல்லிடறேன். உங்களுக்கு 47 வயசு, சுகர் கண்டுபிடிச்சு 9 வருஷம் ஆச்சு. அப்பாவுக்கு 1986லேயே சுகர் வந்துடுச்சு, கடைசில கால் விரல் ரெண்ட எடுத்து, கிட்னி போய், டயாலிசிஸ்ல இருந்து 2004ல தவறிட்டார், கூட இருந்து பாத்துக்கிட்டது நீங்க. சுகர் மாத்திரை கிட்னிய கெடுக்கும்னு ஒரு ஃப்ரெண்ட் சொன்னதால ரெண்டு மாசமா மெட்ஃபார்மின நீங்களே பாதியா குறைச்சுட்டீங்க. ஃபாஸ்டிங் 148, மூணு மாச சுகர் சராசரிய காட்டற ஹெச்பிஏ1சி 8.6, பிபி 146/90, கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.0. "ராத்திரி படுத்தா பாதம் லேசா எரியுது, மத்தபடி ஒரு தொந்தரவும் இல்ல டாக்டர்"னு எழுதியிருக்கீங்க. கேள்வி மூணு: அப்பாவுக்கு வந்ததெல்லாம் எனக்கும் வருமா, மாத்திரைய இப்படியே குறைச்ச மாதிரியே விட்டுடலாமா, காலேஜ் படிக்கற பையனுக்கு இப்பவே டெஸ்ட் எடுக்கணுமா.

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா அதுல ஒரு வாரம் கூட தள்ளிப்போடக் கூடாது. குறைச்சது தப்பு சார். உங்க டாக்டருக்கு ஒரு போன் பண்ணி "நானா குறைச்சுட்டேன்"னு ஒளிக்காம சொல்லிடுங்க, அவர் திட்டினாலும் பரவாயில்ல, பழைய டோஸுக்கு எப்படி திரும்பறதுன்னு கேட்டு ஆரம்பிச்சுடுங்க. இந்த ரிப்போர்ட்ட அவர்கிட்ட காட்டும்போது குறைச்ச விஷயம் அவருக்குத் தெரியலன்னா, இருக்கற மருந்து போதலன்னு நினைச்சு இன்னொண்ணு சேத்துடுவார், அதுவும் ஆபத்து.

மாத்திரையால கிட்னி போகுதுங்கற இந்த பயம் எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியும், அதுக்குப் பின்னாடி ஒரு நிஜமான காட்சி இருக்கு, அதான் யாராலயும் அத உதற முடியல. ஒருத்தர் பத்து பதினஞ்சு வருஷம் மாத்திரை சாப்டறார். ஒரு நாள் டாக்டர் மெட்ஃபார்மின நிறுத்தறார். அப்புறம் இன்சுலின் ஆரம்பிக்கறார். அதுக்கு அப்புறம் டயாலிசிஸ். பக்கத்துல இருந்து பாக்கறவங்களுக்கு எப்படி தெரியும், மாத்திரை கெடுத்துச்சு, இன்சுலின் முடிச்சு வச்சுதுன்னு தானே தெரியும்? ஆனா நடந்தது தலைகீழ். மெட்ஃபார்மின் உடம்புல எந்த மாற்றமும் ஆகாம அப்படியே கிட்னி வழியா வெளிய போற மருந்து. சுகர் ஏற்கனவே கிட்னிய கெடுத்துட்டதால அந்த மருந்த வெளிய தள்ள முடியல, அதனால கிட்னி எவ்ளோ வடிகட்டுதுன்னு காட்டற ஈஜிஎஃப்ஆர் 45க்கு கீழ வந்தா டோஸ குறைப்பாங்க, 30க்கு கீழ போனா நிறுத்துவாங்க. கிட்னி போனதால மாத்திரைய நிறுத்தினாங்க, மாத்திரையால கிட்னி போகல. இன்சுலினும் அப்படித்தான், வேற வழியில்லாத கட்டத்துல அத ஆரம்பிச்சதால பழி அது மேல விழுந்துச்சு. உங்க அப்பா விஷயத்துலயும் இதே வரிசைல தான் நடந்திருக்கும்னு நினைக்கறேன்.

உண்மையிலேயே கிட்னிக்கு ஆகாத மாத்திரை உண்டு, அதப் பத்தி யாரும் பயப்படறதில்ல. வலி மாத்திரை. முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் மாசக்கணக்குல டைக்ளோஃபெனாக்கும் இபுப்ரூஃபனும் வாங்கி வாங்கி போட்டுக்கிட்டு, சுகர் மாத்திரைய மட்டும் பயந்து நிறுத்தறவங்கள நான் வாரத்துக்கு ஒருத்தராவது பாக்கறேன், மனசு கஷ்டமா இருக்கு.

இப்ப அந்த "தொந்தரவு இல்ல"ங்கற வார்த்தைக்கு வரேன். நீங்க பொய் சொல்லல, நிஜமாவே உங்களுக்கு ஒண்ணும் தெரியல. ஆனா சுகர்ல "தெரியல"ங்கறதுக்கும் "இல்ல"ங்கறதுக்கும் சம்பந்தமே கிடையாது சார். இங்கிலாந்துல 1977ல ஆரம்பிச்ச யுகேபிடிஎஸ்னு ஒரு பெரிய ஆராய்ச்சி, 5102 பேர், எல்லாரும் அப்பத்தான் டைப் 2 சுகர்னு கண்டுபிடிச்சவங்க. அவங்கள முதல் தடவ முழுசா பரிசோதிச்சப்பவே கிட்டத்தட்ட பாதி பேருக்கு கண்ணுலயோ நரம்புலயோ ரத்தக் குழாய்லயோ ஏதோ ஒரு பாதிப்பு ஏற்கனவே ஆரம்பிச்சிருந்துச்சு. சுகர் இருக்குன்னு தெரிஞ்ச அதே நாள்ல. அதுக்கு முன்னாடியே சில வருஷங்களா ரத்தத்துல சர்க்கரை சத்தம் இல்லாம ஏறி நின்னிருக்கு. உங்களுக்கு ரிப்போர்ட் படி 9 வருஷம்னா உடம்பு கணக்குல அதுக்கும் மேல இருக்கலாம்.

ஏன் கண்ணு, கிட்னி, நரம்புன்னு குறிப்பா இந்த மூணையே போய் பிடிக்குதுன்னு நிறைய பேர் கேப்பாங்க. தசைலயும் கொழுப்புலயும் இருக்கற செல்லுக்குள்ள சர்க்கரை போகணும்னா இன்சுலின் வந்து கதவ தொறக்கணும். விழித்திரைல இருக்கற சின்ன ரத்தக் குழாய், கிட்னியோட வடிகட்டி, நரம்பு, இதுங்களுக்கெல்லாம் அந்த மாதிரி கதவு கிடையாது. ரத்தத்துல எவ்ளோ சர்க்கரை இருக்கோ கிட்டத்தட்ட அவ்ளோவும் உள்ள வந்துடும், அதுங்களால வேண்டாம்னு சொல்ல முடியாது. உள்ள வந்த சர்க்கரை அங்க இருக்கற புரதத்துல போய் ஒட்டிக்கும், குழாயோட சுவர் தடிச்சு, விறைச்சு, சில இடத்துல ஓட்டையாகி கசிய ஆரம்பிக்கும், சில இடத்துல அடைச்சுக்கும். எல்லாம் மெதுவா நடக்கறதால வலி இருக்காது.

நீங்க எடுத்த ஹெச்பிஏ1சி டெஸ்டே இந்த ஒட்டறத தான் அளக்குது. ரத்தச் சிவப்பணுக்குள்ள இருக்கற ஹீமோகுளோபின்ல எத்தன சதவீதத்துல சர்க்கரை ஒட்டியிருக்குன்னு பாக்கறாங்க. சிவப்பணு சுமார் 120 நாள் தான் வாழும், அதனால அது கடைசி மூணு மாச கதைய சொல்லுது. ஆனா இத யோசிங்க, அதே சர்க்கரை ரத்தக் குழாய் சுவர்லயும் ஒட்டுது, அங்க இருக்கற கொல்லாஜன் 120 நாள்ல போயிடாது, வருஷக்கணக்குல இருக்கும். நாளைக்கு உங்க சுகர் நார்மல் ஆனாலும் பழைய ஒட்டு அவ்ளோ சீக்கிரம் போகாது. சுகர கன்ட்ரோல் பண்றதுல ஆரம்ப வருஷங்கள் ஏன் அவ்ளோ முக்கியம்ங்கறதுக்கு இது ஒரு காரணம்.

உங்க ரிப்போர்ட்டையே எடுத்துப்போம். ஃபாஸ்டிங் 148, "கொஞ்சம் தானே கூட"ன்னு எழுதியிருக்கீங்க. ஆனா ஹெச்பிஏ1சி 8.6ன்னா உங்க மூணு மாச சராசரி கிட்டத்தட்ட 200. காலைல வெறும் வயித்துல 148 இருக்கற ஒருத்தருக்கு சராசரி 200 வரணும்னா சாப்பிட்டப்புறம் எவ்ளோ மேல போகுதுன்னு நீங்களே பாருங்க. ஃபாஸ்டிங் மட்டும் பாத்து நிம்மதி ஆகறது, ராத்திரி வண்டி போகாத நேரத்துல ரோட்ட பாத்துட்டு டிராஃபிக்கே இல்லன்னு சொல்ற மாதிரி. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாரத்துல ரெண்டு மூணு நாள் பாருங்க, வேற வேற வேளைல பாருங்க.

அடுத்து கிரியேட்டினின் 1.0. நார்மல் தான். ஆனா அத வச்சு கிட்னிக்கு ஒண்ணும் ஆகலன்னு சொல்லிட முடியாது. ரெண்டு கிட்னியிலயும் சேத்து சுமார் 20 லட்சம் வடிகட்டி இருக்கு, ஒரு நாளைக்கு 180 லிட்டர் போல வடிகட்டி, தேவையானத திரும்ப எடுத்துக்கிட்டு, ஒண்ணு ஒன்றரை லிட்டர மட்டும் சிறுநீரா அனுப்புது. இதுல கொஞ்சம் கொஞ்சமா வடிகட்டி செத்துப்போனா மீதி இருக்கறது கூடுதலா வேல பாத்து சமாளிச்சுடும், பாதிக்கு பக்கம் போற வரைக்கும் கூட கிரியேட்டினின் நார்மல்னே காட்டலாம். முன்கூட்டியே தெரியணும்னா சிறுநீர்ல அல்புமின்-கிரியேட்டினின் விகிதம்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அல்புமின்ங்கறது ரத்தத்துல இருக்கற ஒரு புரதம், லேப்ல யூரின் மைக்ரோஅல்புமின்னு சொல்லுவாங்க. 30க்கு கீழ இருக்கணும், 30லேருந்து 300 வரைக்கும்னா வடிகட்டி கசிய ஆரம்பிச்சிருக்கு, 300 தாண்டினா நல்லாவே கசியுது. டைப் 2 சுகர்னு தெரிஞ்ச அன்னைக்கே எடுத்திருக்கணும், அப்புறம் வருஷா வருஷம். ஒம்பது வருஷத்துல உங்களுக்கு ஒரு தடவ கூட எடுக்கலன்னு லெட்டர்லேருந்து தெரியுது. இந்த வாரமே எடுத்துடுங்க. காய்ச்சல் இருக்கற அன்னைக்கோ சிறுநீர்ல இன்ஃபெக்ஷன் இருக்கும்போதோ எடுத்தா தப்பா கூட காட்டும், அதனால கூட வந்தா பயந்துடாம, அடுத்த சில மாசத்துல இன்னும் ரெண்டு தடவ எடுத்து பாத்துட்டு தான் முடிவு பண்ணுவாங்க.

146/90 பிபிய நீங்க ஒரு வரில எழுதிட்டு தாண்டிட்டீங்க, எனக்கு சுகர விட அது தான் கண்ணுல குத்துச்சு. கிட்னி வடிகட்டிக்கு சர்க்கரை ஒரு எதிரின்னா பிரஷர் இன்னொரு எதிரி, ரெண்டும் சேந்தா ஒண்ணுக்கொண்ணு தூக்கி விடும். நான் சொன்ன அந்த யுகேபிடிஎஸ்லயே பிபிய மட்டும் தனியா பாத்தாங்க, ஒரு குரூப்புக்கு சராசரி 144/82, இன்னொரு குரூப்புக்கு 154/87, பெரிய வித்தியாசம் கூட இல்ல, ஆனா குறைச்சு வச்சவங்களுக்கு பக்கவாதம் 44 சதவீதம் கம்மி, சுகரால வர்ற மரணம் 32 சதவீதம் கம்மி. இப்பல்லாம் 130/80க்கு கீழ வைக்க சொல்றோம். வீட்டுல உக்காந்து, அஞ்சு நிமிஷம் அமைதியா இருந்துட்டு, ஒரு வாரம் காலையும் சாயங்காலமும் பாத்து எழுதிக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க. பிபி கூடவே இருந்து சிறுநீர்ல அல்புமினும் வந்தா ஏசிஇ இல்லன்னா ஏஆர்பி வகை மாத்திரை குடுப்பார், அது பிபியும் குறைக்கும், கிட்னி வடிகட்டிக்குள்ள இருக்கற அழுத்தத்தையும் குறைக்கும். ஆரம்பிச்சு ரெண்டு வாரம் போல கழிச்சு பொட்டாசியமும் கிரியேட்டினினும் ஒரு தடவ பாக்கணும்.

சரி, கால் எரிச்சல். இத நீங்க "மத்தபடி ஒண்ணும் இல்ல"ன்னு சொல்றதுக்கு நடுவுல லேசா எழுதியிருக்கீங்க, ஆனா உங்க உடம்பு இது வரைக்கும் சொன்ன ஒரே வார்த்தை இது தான் சார். நரம்பு பாதிப்பு பாதத்துலேருந்து தான் ஆரம்பிக்கும், ஏன்னா உடம்புலயே நீளமான நரம்பு அங்க தான் போய் முடியுது. ராத்திரில அதிகமா தெரியும், போர்வை பட்டா கூட சிலருக்கு கூசும். உங்களுக்கு எரிச்சல் தெரியுதுங்கற வரைக்கும் எனக்கு கொஞ்சம் நிம்மதி, நரம்பு இன்னும் பேசுது. ஒரு நாள் எரிச்சல் தானா நின்னு போய் "சரியாயிடுச்சு டாக்டர்"னு சந்தோஷமா வருவாங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு பயம். சிலருக்கு அது குணமானதா இருக்காது, மரத்துப்போனதா இருக்கும்.

போன மாசம் கூட ஒருத்தர் வந்தார், உங்க வயசு தான் இருக்கும். மோனோஃபிலமென்ட்னு ஒரு டெஸ்ட் பண்ணுவோம், ஒரு கைப்பிடில நைலான் நரம்பு மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும், பாதத்துல வச்சு அழுத்தினா சரியா 10 கிராம் அழுத்தத்துல வளைஞ்சுடும். கண்ண மூடிக்கோங்க, தொடும்போது "ம்"னு சொல்லுங்கன்னு சொல்லிட்டு கட்டவிரல் அடில வச்சேன், நடுவிரல் அடில வச்சேன், பாதத்துல மொத்தம் பத்து இடம் வச்சு முடிச்சுட்டேன். அவர் கண்ண மூடிக்கிட்டே இருக்கார், கொஞ்ச நேரம் கழிச்சு "ஆரம்பிங்க டாக்டர்"ங்கறார். கூட வந்த அவர் சம்சாரம் வாயில கைய வச்சுக்கிட்டாங்க. அவரும் "எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல"ன்னு சொல்லிட்டு தான் உள்ள வந்தார்.

இன்னொருத்தர், சட்டை பட்டன் ஒண்ணு ஷூக்குள்ள விழுந்திருக்கு, காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் அது மேலயே நின்னு நடந்து வேலைய பாத்துட்டு வீட்டுக்கு வந்து சாக்ஸ கழட்டினா சாக்ஸ் ஒட்டிக்கிட்டு வருது, ரத்தம். வலிச்சிருந்தா ஒரு நிமிஷத்துல ஷூவ கழட்டி உதறியிருப்பார். உங்க அப்பாவோட விரலும் அநேகமா இப்படி ஒரு சின்ன புண்ணுல தான் ஆரம்பிச்சிருக்கும். சுகர்ல கால எடுக்கறதுல பெரும்பாலானது முதல்ல ஒரு சின்ன புண்ணா இருந்தது தான், நரம்பு மரத்ததால தெரியாம வந்து, ரத்த ஓட்டம் குறைஞ்சதால ஆறாம, கிருமி உள்ள போயி. அந்த சங்கிலிய எந்த இடத்துல வெட்டினாலும் கால் தப்பிச்சுடும்.

அதனால தினமும் ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி பாதத்த பாருங்க, மேலயும் அடியிலயும் விரலிடுக்குலயும், குனிய முடியலன்னா ஒரு கண்ணாடிய தரைல வச்சுக்கோங்க. காப்பு, கொப்புளம், நிறம் மாறினது, ஒரு இடம் மட்டும் சூடா இருக்கறது, எது இருந்தாலும் அடுத்த நாளே காட்டுங்க. வீட்டுக்குள்ள கூட வெறுங்காலோட நடக்காதீங்க. செருப்போ ஷூவோ போடறதுக்கு முன்னாடி உள்ள கைய விட்டு தடவி பாருங்க, புதுசு வாங்கறதா இருந்தா சாயங்காலமா போய் வாங்குங்க, அப்பத்தான் கால் கொஞ்சம் வீங்கி நிஜமான அளவுல இருக்கும். கழுவினா விரலிடுக்க நல்லா துடைச்சு காய வைங்க, க்ரீம் தடவினா பாதத்துக்கு மட்டும், இடுக்குல வேண்டாம். எரியுதேன்னு சுடுதண்ணில கால வைக்கறது, ஹீட்டிங் பேட் வைக்கறது வேண்டவே வேண்டாம், மரத்த காலுக்கு சூடு தெரியாது, வெந்து போனது அடுத்த நாள் தான் தெரியும். ஆணிக்கால நீங்களே பிளேடால வெட்டக் கூடாது. இன்னொண்ணு, ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி சிவந்து சூடாகி, ஆனா அவ்ளோவா வலி இல்லன்னா, வலி இல்லையேன்னு அது மேல நடக்காதீங்க, அன்னைக்கே காட்டணும், எலும்பு நொறுங்கற நோயா இருக்கலாம்.

எரிச்சலுக்கு ப்ரீகாபலின், டுலாக்ஸெடின் மாதிரி மருந்து இருக்கு, தூக்கம் கெடுதுன்னா கேட்டு வாங்கிக்கோங்க, பொறுத்துக்கணும்னு அவசியம் இல்ல. ஆனா அது எரிச்சல தான் குறைக்கும், நரம்ப சரி பண்ணாது. அப்புறம் பி12 டெஸ்ட் ஒண்ணு எடுங்க. வருஷக்கணக்கா மெட்ஃபார்மின் சாப்டறவங்கள்ல சிலருக்கு பி12 குறையும், அதுவும் இதே மாதிரி கால்ல எரிச்சல், மரத்துப்போறது எல்லாம் குடுக்கும், பி12 குடுத்தா சரி பண்ண வாய்ப்பு உண்டு. மெட்ஃபார்மினுக்கு நீங்க பயப்பட வேண்டிய விஷயம்னா இது ஒண்ணு தான் உருப்படியானது, அதுக்கும் வைத்தியம் மருந்த நிறுத்தறது இல்ல, பி12 சேத்துக்கறது.

கண்ணு பத்தி சுருக்கமா. கண்ணாடி பவர் செக் பண்றது வேற, விழித்திரைய பாக்கறது வேற. சொட்டு மருந்து விட்டு கண் பாப்பாவ விரிய வச்சு பின்பக்கத்த பாக்கணும், வருஷத்துக்கு ஒரு தடவ, பார்வை எவ்ளோ தெளிவா இருந்தாலும். விழித்திரைல ரத்தக் கசிவு இருந்தும் கடைசி வரி எழுத்த சரியா படிக்கறவங்கள பாத்திருக்கேன். சீக்கிரம் தெரிஞ்சா லேசர் இருக்கு, கண்ணுக்குள்ள போடற ஊசி இருக்கு, இருக்கற பார்வைய பெரும்பாலும் காப்பாத்திடலாம், போனத திரும்ப கொண்டு வர்றது தான் கஷ்டம். சொட்டு விட்டா சில மணி நேரம் மங்கலா இருக்கும், வண்டி ஓட்டிட்டு போகாதீங்க. பழைய டோஸுக்கு திரும்பறத இதுக்காக தள்ளிப்போடாதீங்க, ஆனா உங்க விஷயத்துல சுகர ரொம்ப இறக்கறதுக்கு முன்னாடி கண்ண பாத்துடறது நல்லது, ஏன்னா விழித்திரைல ஏற்கனவே பாதிப்பு இருந்து சுகர ரொம்ப வேகமா குறைச்சா அது கொஞ்ச நாளைக்கு அதிகமாகலாம். அதுக்காக சுகர குறைக்காம இருக்கக் கூடாது, படிப்படியா இறக்கணும், அவ்ளோ தான்.

கண்ணு, கிட்னி, கால்னு பேசிக்கிட்டே இருக்கோம், ஆனா சுகர் இருக்கறவங்க உயிர அதிகமா எடுக்கறது மாரடைப்பும் பக்கவாதமும் தான். சுகர் இருந்தா இதய நோய் ஆபத்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதுலயும் இதயத்துக்கு போற நரம்பு பாதிச்சிருந்தா நெஞ்சு வலியே இல்லாம மாரடைப்பு வரலாம், வெறும் வேர்வை, மூச்சு வாங்கறது, திடீர்னு ஒரு அசதி, அவ்ளோ தான். அப்படி வந்தா வாயுன்னு நினைச்சுக்கிட்டு வீட்டுல உக்காந்திருக்காம ஆஸ்பத்திரிக்கு போங்க. 40 வயசு தாண்டின சுகர்காரருக்கு கொலஸ்ட்ரால் நார்மலா இருந்தாலும் அத இன்னும் குறைக்கற ஸ்டாட்டின் மாத்திரை தேவைப்படும், உங்க லெட்டர்ல அது இல்ல, கேளுங்க. சிகரெட் பத்தி நீங்க எழுதல, இருந்தா இந்த லெட்டர படிச்சு முடிச்ச கையோட விட்டுடுங்க. இன்னொண்ணு, ஆம்பளைங்க லெட்டர்ல எழுத கூச்சப்படற விஷயம், தாம்பத்தியத்துல விறைப்பு குறையறது. அதுவும் நரம்பும் ரத்தக் குழாயும் சம்பந்தப்பட்டது தான், சிலருக்கு இதய நோய்க்கு பல வருஷம் முன்னாடியே வர்ற அறிகுறி அது. டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவங்களுக்கு இது தினமும் கேக்கற விஷயம்.

இப்ப உங்க முதல் கேள்வி, அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா. லெட்டர்ல "எங்க குடும்பத்துக்கு இது தான் விதி போல"ன்னு எழுதியிருந்தீங்க, அந்த இடத்துல கொஞ்ச நேரம் படிக்கறத நிறுத்திட்டேன். உங்க அப்பாவுக்கு சுகர் வந்தது 1986. சுகர கட்டுக்குள்ள வச்சா கண்ணு கிட்னி நரம்பெல்லாம் தப்பிக்குமாங்கறதுக்கு அப்ப உலகத்துல எங்கயுமே உறுதியான ஆதாரம் கிடையாது, டாக்டருங்களே ரெண்டு கட்சியா இருந்தாங்க. டிசிசிடிங்கற ஆராய்ச்சி அமெரிக்காவுலயும் கனடாவுலயும் 1983ல ஆரம்பிச்சு 1993ல தான் பதில் சொல்லுச்சு, டைப் 1 சுகர், அதாவது உடம்புல இன்சுலின் சுரக்கறது கிட்டத்தட்ட நின்னு போற வகை, இருக்கற 1441 பேர்ல, நல்லா கன்ட்ரோல்ல வச்சவங்களுக்கு புதுசா கண் பாதிப்பு வர்றது 76 சதவீதம் குறைஞ்சுது, நரம்பு பாதிப்பு 60 சதவீதம் குறைஞ்சுது. டைப் 2வுக்கு யுகேபிடிஎஸ் முடிவு வந்தது 1998ல, சின்ன ரத்தக் குழாய் பாதிப்பு 25 சதவீதம் கம்மி. ஹெச்பிஏ1சி ஒவ்வொரு 1 சதவீதம் குறைவா இருக்கறவங்களுக்கும் அந்த பாதிப்பு 37 சதவீதம் கம்மியா இருந்துச்சுன்னு கணக்கு போட்டாங்க. டைப் 2 சுகர்காரங்க கிட்னிக்கு ஏஆர்பி மருந்து உதவும்னு பெரிய ஆராய்ச்சில நிரூபணமானது 2001ல. இதய நோய் இருக்கறவங்களுக்கும் கிட்னிக்கும் நல்லது பண்ற எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரைங்க பலன் 2015க்கு அப்புறம் தான் தெரிய வந்துச்சு. இதெல்லாம் வந்து சேர்றதுக்குள்ள உங்க அப்பா உடம்புல பாதி வேல முடிஞ்சு போச்சு சார். உங்க அப்பாவும் நீங்களும் ஏதோ கவனிக்காம விட்டதால நடந்ததுன்னு தயவுசெஞ்சு நினைக்காதீங்க. அவர்கிட்ட இல்லாதது உங்ககிட்ட இருக்கு.

இன்னொரு ஆராய்ச்சியும் சொல்லணும், டென்மார்க்ல பண்ண ஸ்டெனோ-2. வெறும் 160 பேர், எல்லாருக்கும் டைப் 2, எல்லாருக்கும் சிறுநீர்ல அல்புமின் கசிய ஆரம்பிச்சிருந்துச்சு. பாதி பேருக்கு சுகர், பிபி, கொலஸ்ட்ரால், சாப்பாடு, நடை, சிகரெட்ட விடறதுன்னு எல்லாத்தையும் ஒண்ணா இறுக்கி பிடிச்சாங்க, சுமார் எட்டு வருஷத்துக்கு. இதய, ரத்தக் குழாய் பிரச்சினைங்க கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுது, 21 வருஷம் கழிச்சு பாத்தா அந்த குரூப் மத்தவங்கள விட ஏறக்குறைய 8 வருஷம் கூடுதலா வாழ்ந்திருக்காங்க. உங்க டெஸ்ட்ல அல்புமின் வந்துட்டா "அப்பா பாதைல நானும் போக ஆரம்பிச்சுட்டேன்"னு உடைஞ்சு போயிடாதீங்க, அந்த 80 பேரும் அங்கேருந்து தான் கிளம்பினாங்க.

ஆனா ஒரே மாசத்துல எல்லாத்தையும் சரி பண்றேன்னு பட்டினி கிடந்து வெறியா இறங்காதீங்க. உங்க வயசுக்கு ஹெச்பிஏ1சி 7 பக்கத்துல கொண்டு வந்தா நல்லது, அதுக்கு ஆறு மாசம் ஆனாலும் பரவாயில்ல. ஏற்கனவே இதய ஆபத்து உள்ள வயசானவங்களுக்கு 6க்கு கீழ கொண்டு வரணும்னு அக்கார்ட்னு ஒரு ஆராய்ச்சில முயற்சி பண்ணப்ப மரணம் அதிகமாகி 2008ல அந்த பகுதியவே நிறுத்த வேண்டியதாச்சு. அதனால எவ்ளோ குறைவோ அவ்ளோ நல்லதுன்னு கிடையாது, அவங்கவங்க உடம்புக்கு ஏத்த இலக்க டாக்டர் தான் சொல்லணும். கை நடுங்கி, வேர்த்து, படபடன்னு வந்து 70க்கு கீழ காட்டினா மூணு டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கலந்து குடிச்சுட்டு 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாருங்க. மெட்ஃபார்மின் மட்டும்னா அப்படி ஆகறது அபூர்வம், வேற மாத்திரையோ இன்சுலினோ சேத்தா இது தெரிஞ்சிருக்கணும், வீட்டுல இருக்கறவங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும்.

காய்ச்சல், வாந்தி, வயித்துப்போக்குன்னு படுத்தா சுகர அடிக்கடி பாருங்க, தண்ணி நிறைய குடிங்க, அந்த நாள்ல எந்த மாத்திரைய நிறுத்தணும் எத நிறுத்தக் கூடாதுன்னு போன்லயாவது கேட்டுக்கோங்க, இப்ப நல்லா இருக்கும்போதே கேட்டு எழுதி வச்சுக்கிட்டா இன்னும் நல்லது. பல்லையும் ஈறையும் வருஷத்துக்கு ஒரு தடவ காட்டுங்க, ஈறுல சீழ் இருந்தா சுகர் இறங்காது, சுகர் இருந்தா ஈறு ஆறாது.

பையன பத்தி கேட்டீங்க. நீங்க சொன்ன எடையும் உயரமும் வச்சு பாத்தா அவருக்கு எடை கூட தான் இருக்கு, அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சுகர், அதனால வழக்கமா டெஸ்ட் ஆரம்பிக்க சொல்ற 35 வயசு வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்பவே ஒரு தடவ ஃபாஸ்டிங்கும் ஹெச்பிஏ1சியும் எடுத்துடலாம். ஹெச்பிஏ1சி 5.7க்கு கீழ வந்தா மூணு வருஷம் கழிச்சு திரும்ப பாத்தா போதும். 5.7லேருந்து 6.4க்குள்ள வந்தா சுகர் வர்றதுக்கு முந்தின கட்டம், அப்படி இருக்கறவங்க எடைல 7 சதவீதம் குறைச்சு, வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடந்தா சுகரா மாறறது 58 சதவீதம் குறைஞ்சுதுன்னு 2002ல அமெரிக்க ஆராய்ச்சி ஒண்ணுல பாத்தாங்க. அவர தனியா நடக்க சொன்னா ரெண்டு நாள்ல விட்டுடுவார். உங்க கால்ல புண்ணு எதுவும் இல்லன்னு காட்டிட்டு, நல்ல ஷூ ஒண்ணு வாங்கிக்கிட்டு, நீங்களும் கூட போங்க. சிறுநீர் ரிப்போர்ட்டும் பி12 ரிப்போர்ட்டும் வந்ததும் எனக்கு எழுதுங்க சார், பாத்துட்டு பதில் போடறேன்.